முள்ளில்லாக் கள்ளி: நகையை வைத்து நடலாமா?

“ஆண்டிமடம் பக்கத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் செம்மண் நிலம். 2 ஏக்கர் முந்திரி, மீதியில் மானாவாரிக் கடலை. கறவை மாடு மூன்று நிற்கிறது. பங்குனி பிறந்தால் தீவனத்துக்குத் திண்டாட்டம்தான். போர் தண்ணீர் வீட்டுக்கும் மாட்டுக்குமே பற்றுவதில்லை. முள் இல்லாத சப்பாத்திக்கள்ளி பாலைவனத்திலேயே வளர்வது, மழையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வருஷம் முழுக்கத் தீவனம் என்று ஒருவர் சொல்கிறார். மடல் ஒன்று 30 ரூபாய், ஏக்கருக்கு 2,000 மடலாம். கிடேரி விற்ற பணம் 25,000 ரூபாய் கையில் இருக்கிறது. மீதிக்கு நகையை வைக்கலாமா? மாமியாரோ, கள்ளிப்பால் பட்டால் கண் போய்விடும், வீட்டுப் பக்கமே கொண்டுவராதே என்கிறார்.”

- வாசகி ஒருவர், ஆண்டிமடம்

நகையை வைக்க வேண்டாம். கிடேரி விற்ற பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் இதில் போட வேண்டிய அவசியம் இல்லை. முள்ளில்லாக் கள்ளி நல்ல செடிதான், ஆண்டிமடம் மேட்டு நிலத்தில் வளரவும் வளரும். ஆனால், விற்பவர் சொல்கிற காரணங்களுக்காக அல்ல.

முதலில் மாமியாரின் பயம். அவர் சொல்வது சரிதான், செடிதான் வேறு. தமிழில் சதைப்பற்றான தண்டுள்ள எல்லாவற்றையும் ‘கள்ளி’ என்றே சொல்லிவிடுகிறோம். வேலியில் நிற்கிற திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்கின் உறவுக்காரச் செடிகள். தண்டைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் தெறித்தால் எரிச்சலும் வீக்கமும் வந்து சில நாள் பார்வையே மங்கிப்போகும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் ஓட வேண்டும். சப்பாத்திக்கள்ளி இந்தக் குடும்பமே இல்லை. அது ‘காக்டஸ்’ குடும்பம், பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மடலைக் கீறினால் பால் வராது, கற்றாழை போல வழவழப்பான சாறுதான் வரும். உற்றுப் பார்த்தால் இன்னொரு அடையாளமும் தெரியும். சப்பாத்திக்கள்ளியின் முள், பஞ்சு வைத்தாற்போன்ற ஒரு சிறு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். வேலிக்கள்ளிகளில் அந்தப் பஞ்சுப் புள்ளி கிடையாது. வெவ்வேறு கண்டத்தில் பிறந்த இரண்டு குடும்பங்கள், வெயிலுக்குப் பயந்து ஒரே மாதிரி உடம்பை எடுத்துக்கொண்டன. அதனால் வந்த பெயர்க் குழப்பம் இது. மாட்டுத் தொட்டிக்குள் வேலிக்கள்ளித் துண்டு ஒன்றுகூட விழுந்துவிடக் கூடாது என்பதில் மாமியார் கண்டிப்பாக இருக்கட்டும்.

அடுத்தது, ‘மழையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்’ என்கிற பேச்சு. மழையே இல்லாத இடத்தில் கள்ளியும் இல்லை. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தின் நட்ட நடுவில், வருடக்கணக்கில் துளி விழாத பகுதியில் செடி என்று எதுவும் கிடையாது. அதே பாலைவனத்தின் கடற்கரை ஓரம், தினமும் பனிமூட்டம் ஏறி வருகிற மலைச்சரிவில் கள்ளி நிற்கிறது. அமெரிக்காவில் அரிசோனாவும் மெக்சிகோவும் சேருமிடத்தில் உள்ள சொனோரா பாலைவனத்தில், ‘சகுவாரோ’ என்ற கள்ளி 40 அடிக்கு மேல் தூண் போல உயர்ந்து நிற்கும். அங்கும் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டி மழை உண்டு. கோடையில் ஒரு தவணை, குளிரில் ஒரு தவணை. கொஞ்சமாக வந்தாலும் தவறாமல் வருகிற மழை அது.

அந்த மழையைப் பிடித்து வைப்பதில்தான் கள்ளியின் சாமர்த்தியம். சகுவாரோவின் பெரும்பாலான வேர்கள் ஒரு சாண் ஆழத்துக்குக்கூட இறங்காது. ஆனால், மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் ஓடும். தூறல் மண்ணை நனைத்த சில நாள்களுக்குள் புதிய சல்லிவேர்கள் கிளம்பி உறிஞ்சிவிடும், மண் காய்ந்ததும் அவை உதிர்ந்துவிடும். உறிஞ்சிய தண்ணீருக்கு இடம் கொடுக்க, மடிப்பு மடிப்பான தண்டு ஆர்மோனியத் துருத்தி போல விரிந்துகொள்ளும். மெக்சிகோவில் ‘கிழவன் கள்ளி’ என்று ஒன்று, உடம்பெல்லாம் வெள்ளை முடி போர்த்தியிருக்கும். அந்த முடிதான் அதற்குக் குடை. பாஹா கலிபோர்னியாவில் இன்னொன்று நிமிராமல் தரையிலேயே படுத்து வளர்கிறது. முன்முனை வேர்விட்டுப் போய்க்கொண்டே இருக்க, பின்பகுதி காய்ந்து மடிகிறது. பல வருடங்களில் செடியே இடம் மாறிவிடும்.

டிராகன் பழமும் காக்டஸ்தான். 2021-ல் குஜராத் அரசு ‘கமலம்’ என்று பெயர் மாற்றியதே, அதே பழம்தான். ஆனால் அது பாலைவனத்துச் செடி அல்ல. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதனால்தான் சித்திரை வெயிலில் அதன் தண்டு மஞ்சளாகி வெந்துபோகிறது. கள்ளி என்ற பெயரை மட்டும் நம்பி நிழல்வலை போடாமல் விட்டவர்களுக்கு இது தெரியும்.

இத்தனை உபாயங்களுக்கும் மேலான ஒன்றுதான் வாசகியின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மற்ற பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. எடுக்கும்போதே தண்ணீரும் ஆவியாகிப் போகிறது. கள்ளி பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். அப்போது எடுத்த வாயுவைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை எடுத்து உணவு தயாரிக்கும். அதனால்தான் மடல் காலையில் புளிக்கும், மாலையில் புளிப்பு குறைந்துவிடும். இந்தப் புளிப்பு விஷயத்தை உலகத்துக்கு முதலில் எழுதியவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன். 1813-ல் எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது சப்பாத்திக்கள்ளியைப் பற்றி அல்ல. நம் வீடுகளில் தொட்டியில் வளர்க்கிற ரணகள்ளியைப் பற்றி. அதுவும் இதே முறையில்தான் இரவில் மூச்சு விடுகிறது.

இந்த முறையில், ஒரு கிலோ காய்ந்த பொருள் உருவாக மற்ற பயிர்களுக்கு ஆகிற தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆனால், இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். 15 டிகிரியை ஒட்டிய இரவுகளில் தீவனக் கள்ளி நன்றாக வாயுவை எடுக்கும். இரவிலும் 28, 30 டிகிரி என்று புழுங்கினால் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பாலைவனத்தில் பகல் எவ்வளவு சுட்டாலும் காற்றில் ஈரம் இல்லாததால் ராத்திரி குளிர்ந்துவிடும். ஆண்டிமடத்தில் அக்னி நட்சத்திர இரவு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, இந்தப் பகுதியில் கள்ளி வளர்கிற காலம் கோடை அல்ல. மழை ஓய்ந்து பனி இறங்குகிற மார்கழி, தை, மாசிதான். பங்குனியிலிருந்து அது சும்மா நிற்கும். சாகாது, ஆனால் வளராது. அப்போது அது வளர்கிற பயிர் அல்ல, வைக்கோல் போர் மாதிரி நிற்கிற ஒரு சேமிப்பு. ‘வருஷம் முழுக்கத் தீவனம்’ என்று நினைத்து வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். தண்ணீர் இல்லாமல் உயிரோடிருக்கிற செடி, தண்ணீர் இல்லாமல் விளைச்சலும் கொடுக்கும் என்று அர்த்தம் இல்லை. சகுவாரோ முதல் 10 வருடத்தில் இரண்டு அங்குலம்கூட வளர்வதில்லை என்பதை நினைத்துப் பார்க்கலாம். தீவனக் கள்ளி அவ்வளவு மெதுவல்ல. ஆனாலும் ஏக்கருக்கு இத்தனை டன் என்று கேள்விப்படுகிற பெரிய கணக்குகள், எருவும் பாசனமும் கொடுத்து நெருக்கி நட்ட தோட்டங்களில் எடுத்தவை.

இனி, மாட்டின் கணக்கு. பச்சை மடலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர். 10 கிலோ மடலை நறுக்கிப் போட்டால் மாட்டின் வயிற்றுக்குள் போகிற காய்ந்த பொருள் ஒரு கிலோதான், கூடினால் ஒன்றரை. 350 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 9, 10 கிலோ காய்ந்த பொருள் வேண்டும். எனவே கள்ளியை மட்டும் போட்டு மாட்டைக் காப்பாற்ற முடியாது. அப்படிப் போட்டால் நார் இல்லாமல் மாடு கழியத் தொடங்கும், பாலில் கொழுப்பும் இறங்கும். புரதமும் இதில் குறைவு. காய்ந்த பொருளில் 5 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கும், வைக்கோலைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

அப்புறம் எதற்கு இது? தண்ணீருக்காக. 10 கிலோ மடலோடு மாடு 9 லிட்டர் தண்ணீரையும் தின்றுவிடுகிறது. மூன்று மாட்டுக்கு நாளைக்கு 27 லிட்டர். போர் தண்ணீர் வீட்டுக்கே பற்றாத வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. காய்ந்த வைக்கோலை வெறுமனே மெல்ல மறுக்கிற மாடு, நறுக்கிய மடலின் வழவழப்பு ஏறிய வைக்கோலை விரும்பித் தின்னும். கள்ளியில் சுண்ணாம்புச் சத்தும் மாவுச்சத்தும் உண்டு. விட்ட குறை புரதத்துக்கு அவர் நிலத்திலேயே கிடைக்கிற கடலைக்கொடி இருக்கிறது. வேலியில் அகத்தியும் கிளைரிசிடியாவும் வைக்கலாம். ஒரு பிடி கடலைப் பிண்ணாக்கும் சேர்த்தால் கோடையைத் தாண்டிவிடலாம். முதல் வாரம் மாட்டுக்கு 2 கிலோவில் தொடங்கிப் படிப்படியாக 10 கிலோவுக்குப் போக வேண்டும். வைக்கோல் முதலில், மடல் அதற்கு மேலே தூவலாக. மடலை மாலையில் அறுப்பது நல்லது. காலைப் புளிப்பு அப்போது குறைந்திருக்கும்.

வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியை, அதுதான் நாகதாளி என்பார்களே, அதை அறுத்துப் போடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய முள்ளைவிட அதில் கண்ணுக்குத் தெரியாத சுனைதான் ஆபத்து. மாட்டின் நாக்கிலும் ஈறிலும் ஏறிப் புண்ணாக்கிவிடும். தெற்கு டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் வறட்சிக் காலத்தில் எரிவாயுத் தீப்பந்தத்தால் முள்ளையும் சுனையையும் பொசுக்கிவிட்டு மாட்டை மேய விடுகிறார்கள். வேறு வழியே இல்லாத வருடத்தில் இங்கும் அப்படிச் செய்யலாம், ஒரு மடலையும் விடாமல் இரண்டு பக்கமும் பொசுக்க வேண்டும். முள்ளில்லா ரகத்திலும் இளமடலில் கொஞ்சம் சுனை இருக்கலாம் என்பதால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இவையெல்லாவற்றையும்விட, விற்பவர்கள் வாய் திறக்காத ஒரு விஷயம் உண்டு. இந்தக் கள்ளிக்கு ஒரு எதிரி இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததே நாம்தான்.

18-ம் நூற்றாண்டில் துணிக்குச் சிவப்புச் சாயம் கொடுத்த ‘காக்கினீல்’ பூச்சி மெக்சிகோவில் ஸ்பெயின்காரர்களின் பிடியில் இருந்தது. தங்கத்துக்கு நிகரான வியாபாரம். அந்தப் பூச்சி கள்ளியில் மட்டும்தான் வாழும். எப்படியாவது இந்தியாவில் வளர்த்துவிட வேண்டும் என்று சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது மட்டமான சாயம் தரும் வேறொரு இனம். சாயத் தொழில் படுத்தது. ஆனால் அந்தப் பூச்சி, வங்காளத்திலும் வட இந்தியாவிலும் புதராக மண்டிக் கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்து 1830-களில் தென்னிந்தியாவிலும் விட்டார்கள். களையை அழிக்க ஒரு பூச்சியைப் பயன்படுத்தலாம் என்று உலகுக்குத் தெரிந்ததே இப்படித்தான். ஆஸ்திரேலியா தன் கோடிக்கணக்கான ஏக்கர் கள்ளிக்காட்டை 1925-ல் வந்த அர்ஜென்டினா அந்துப்பூச்சியால் அழித்ததைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு நூறு வருடம் முந்திய கதை இது.

தென்னிந்தியாவில் இன்னொரு வகைக் கள்ளி மிஞ்சியது. இன்று நாம் நாகதாளி என்று பார்ப்பது அதைத்தான். கரம்பு, மேய்ச்சல், சுடுகாடு என்று எங்கும் அது பரவ, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு காக்கினீல் இனம் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நாகதாளிக் காடுகள் மறைந்தன. பெரியவர்கள் சொல்லக் கேட்ட கள்ளிக்காடு பலவும் இன்று வயலாக இருப்பதில் அந்தப் பூச்சிக்குப் பங்குண்டு.

அந்தப் பூச்சி எங்கும் போய்விடவில்லை. வேலியில் மிஞ்சிய நாகதாளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். நசுக்கினால் இரத்தச் சிவப்பாக வரும். மாவுப்பூச்சி என்று நினைப்போம், சிவப்புச் சாறு வந்தால் அது காக்கினீல். 1926-ல் வந்த அதே இனம்தான் பிரேசிலின் வடகிழக்கு வறட்சிப் பகுதியில் தீவனக் கள்ளித் தோட்டங்களை அழித்தது. மொராக்கோவில் 2014-ல் தென்பட்டுச் சில வருடங்களில் ஊர் ஊராகக் கள்ளியைச் சாய்த்தது. அன்று நமக்கு நன்மை செய்த பூச்சி, இன்று 2,000 மடல் நட்டவருக்கு எமன். பிரேசில்காரர்கள் தாக்குதலைத் தாங்கும் ரகங்களுக்கு மாறிப் பிழைத்தார்கள். சந்தையில் ‘முள்ளில்லாக் கள்ளி’ என்று பொதுவாக விற்கும் மடல் எந்த ரகம் என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது.

எனவே வாசகி செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரகம் தெரிந்த மடலாக 60 மட்டும் வாங்கட்டும். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையமும் ஜோத்பூரில் உள்ள மத்திய வறள் மண்டல ஆராய்ச்சி நிலையமும் முள்ளில்லாக் கள்ளியில் வேலை செய்கின்றன. ஜெயங்கொண்டம் அருகே சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எங்கே கேட்பது என்று வழி சொல்வார்கள். மடலை வாங்கியதும் நட்டுவிடக் கூடாது. வெட்டுவாய் ஆறும்வரை 2, 3 வாரம் நிழலில் கிடத்த வேண்டும். ஆறாத மடல் மண்ணுக்குள் அழுகும். மழை முடிந்து ஈரம் வடிந்த தை மாதம் நடலாம், ஐப்பசி கார்த்திகையில் தொடவே கூடாது. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற ஊரில் இந்தச் செடி தாகத்தால் சாவதைவிடத் தண்ணீர் தேங்கிச் சாவதுதான் அதிகம். கரிசல் மண்ணும் பள்ளக்காலும் வேண்டாம். சரளைச் செம்மண் மேட்டில், ஓர் அடி உயரக் கரை போட்டு, மடலின் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நடலாம். முந்திரி நிழல் கூடாது, முழு வெயில் வேண்டும். செடிக்குச் செடி 3 அடி, வரிசைக்கு 6 அடி. குழிக்கு இரண்டு கை மக்கிய தொழு உரம். முதல் 10 நாள் தண்ணீர் விடக் கூடாது. முதல் கோடையில் மட்டும் 15 நாளுக்கு ஒரு குடம்.

ஒரு வருடத்தில் ஒவ்வொன்றும் சில மடல் விடும். அதையே வெட்டி நட்டால் இரண்டு, மூன்று வருடத்தில் காசு கொடுக்காமல் 300 செடி சேர்ந்துவிடும். செடிக்கு வருடம் 9 கிலோ அறுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 2,700 கிலோ. 3 மாட்டுக்குத் தலைக்கு 10 கிலோ வீதம் 90 நாள் வரும். அதற்கு வேண்டிய நிலம் 15 சென்ட்தான், ஒரு ஏக்கர் அல்ல. கீழிரண்டு அடுக்கு மடலை எப்போதும் விட்டுவைத்து, கணுவில் கத்தியால் அறுக்க வேண்டும். வேலியில் நாகதாளி இருந்தால் முதலில் அதை அகற்றிவிடட்டும். வாரம் ஒருமுறை சுற்றி வரும்போது வெள்ளைப் பஞ்சு கண்ணில் பட்டால் அந்த மடலை அறுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். மற்றவற்றில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, சோப்புக் கரைசல் தெளிக்கலாம். பழம் பழுக்க விடாமல் பறித்துவிடுவது நல்லது. விதையிலிருந்து முளைக்கும் கன்று மறுபடி முள்ளோடு வரலாம், பறவை அதை எங்கும் கொண்டுபோகும்.

முதல் இரண்டு கோடைக்கு இது உதவாது. அதுவரை மீதி 23,000 ரூபாயில், அறுவடை நேரத்தில் விலை இறங்கும்போது வைக்கோலும் கடலைக்கொடியும் வாங்கிப் போர் போட்டுவிடுவதே சரி.

“நர்சரியில் 150 ரூபாய் கொடுத்து வாங்கிய சிவப்பு உருண்டைக் கள்ளி ஆறே மாதத்தில் அழுகிவிட்டது. விதை எடுத்து வளர்க்க முடியுமா?”

- வாசகர் ஒருவர், ஜெயங்கொண்டம்

முடியாது. அந்த உருண்டையில் பச்சையம் இல்லை, அதனால்தான் சிவப்பு. சொந்தமாக உணவு தயாரிக்காது. கீழே முக்கோணமாக நிற்கிற பச்சைத் தண்டில் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் தண்டு. பச்சைத் தண்டு உழைக்க, சிவப்பு உருண்டை உட்கார்ந்து சாப்பிடுகிறது. நன்றாகப் பார்த்தாலும் சில வருடங்களே இருக்கும். அழுகியதற்குக் காரணம் அநேகமாகத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டியும் தினசரித் தண்ணீரும். மணல் பாதி, செம்மண் பாதி, அடியில் ஓட்டை, 10 நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். உருண்டையின் பக்கத்தில் குட்டி விட்டால் அதைக் கிள்ளி வேறொரு டிராகன் தண்டில் ஒட்டுக் கட்டலாம். பழைய தொட்டியில் அடித்தண்டு மட்டும் இன்னும் பச்சையாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஒரு கொம்பு நட்டு ஏற்றிவிட்டால் டிராகன் கொடியாகப் போகும்.